வெடிமருந்தால் மலையைச் செதுக்கிய சிற்பி

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள ரஷ்மோர் மலையின் முகட்டில் நான்கு முன்னாள் அதிபர்களின் முகங்கள் கருங்கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஜார்ஜ் வாஷிங்டன், தாமஸ் ஜெஃபர்சன், தியடோர் ரூஸ்வெல்ட், ஆபிரகாம் லிங்கன் ஆகியோரின் இந்த முகங்கள் ஒவ்வொன்றும் சுமார் 60 அடி உயரம் கொண்டவை. ஒரு கண்ணின் அகலம் 11 அடி. வாயின் அகலம் 18 அடி.

கல் சிற்பம் என்றதும் நினைவுக்கு வருபவை உளியும் சுத்தியலும்தான். ஆனால் இந்த மலையிலிருந்து அகற்றப்பட்ட சுமார் நான்கரை லட்சம் டன் பாறையில் ஏறத்தாழ 90 சதவீதம் டைனமைட் வெடிமருந்தைக் கொண்டே அகற்றப்பட்டது. தகர்ப்பதற்கென்றே பயன்பட்டு வந்த ஒரு பொருளை, மூக்கையும் நெற்றியையும் வடிவமைக்கும் கருவியாக மாற்றிக் காட்டியவர் கட்சன் போர்க்ளம் என்ற அமெரிக்கச் சிற்பி.

அவரது வாழ்க்கை சாதனைக் கதையாக மட்டும் முடிந்துவிடவில்லை. மக்களாட்சியின் நினைவுச் சின்னமாகத் தமது படைப்பை முன்வைத்த அவர், வெள்ளை இனவாத அமைப்பு ஒன்றுடன் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தார். அவர் செதுக்கிய மலையோ, ஒப்பந்தத்தை மீறிப் பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தில் இருக்கிறது. இந்த முரண்பாடுகள் குறித்த விவாதம், அவர் மறைந்து எட்டு தசாப்தங்களுக்கு மேலான பின்னரும் ஓயவில்லை.

குடியேறிகளின் மகன்

கட்சன் போர்க்ளம் 1867 ஆம் ஆண்டு மார்ச் 25 ஆம் தேதி, அப்போது தனி மாநிலமாக உருவாகியிராத ஐடஹோ பிரதேசத்தில் பிறந்தார். ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்ஃபிரட் நோபல், டைனமைட் வெடிமருந்துக்குக் காப்புரிமை பெற்றதும் அதே ஆண்டில்தான்.

அவரது பெற்றோர் டென்மார்க்கிலிருந்து குடியேறியவர்கள். மோர்மன் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அந்நாளைய மோர்மன் வழக்கப்படி அவரது தந்தை சகோதரிகள் இருவரை மணந்திருந்தார். இரண்டாவது மனைவிக்குப் பிறந்தவர் கட்சன். பின்னர் தந்தை அந்தச் சமயப் பிரிவிலிருந்து விலகியபோது, முதல் மனைவியை மட்டும் தம்முடன் வைத்துக்கொண்டார். கட்சனைப் பெற்ற தாய் குடும்பத்தை விட்டுச் சென்றுவிட்டார். தந்தை பிற்காலத்தில் நெப்ராஸ்கா மாநிலத்தில் மருத்துவராகத் தொழில் புரிந்தார்.

இளமையில் கலிஃபோர்னியாவுக்குச் சென்ற கட்சன், அங்கு ஓவியம் பயின்றார். தமது ஆசிரியர்களில் ஒருவரும், தம்மைவிட 18 வயது மூத்தவருமான எலிசபெத் பட்னம் என்ற ஓவியரை 1889 இல் மணந்தார். அடுத்த ஆண்டு இருவரும் பாரிஸ் சென்றனர். அங்கு போர்க்ளம், அக்காலத்தின் தலைசிறந்த சிற்பியான ஆகஸ்ட் ரோடானின் அறிமுகத்தைப் பெற்றார். கல்லின் மேற்பரப்பில் ஒளியும் நிழலும் விளையாடும் விதமே உருவத்துக்கு உயிர் தருகிறது என்ற ரோடானின் அணுகுமுறை, போர்க்ளத்தின் பிற்காலப் பணிகளில் ஆழமான தடத்தைப் பதித்தது.

1901 இல் அமெரிக்கா திரும்பிய அவர் நியூயார்க்கில் சிற்பக்கூடம் அமைத்தார். கிரேக்கப் புராணத்தில் வரும் டயமீடிஸின் குதிரைகளைக் காட்டும் அவரது வெண்கலச் சிற்பம் 1904 ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வென்றது. பளிங்கில் அவர் செதுக்கிய லிங்கனின் தலைச் சிற்பம், அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டின் காலத்தில் வெள்ளை மாளிகையில் வைக்கப்பட்டது. அது பின்னர் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டிடத்தில் இடம்பெற்றது.

முதல் திருமணம் முறிந்த பின்னர், 1909 இல் மேரி மான்ட்கோமரியை அவர் மணந்தார். 1912 இல் பிறந்த தமது மகனுக்கு லிங்கன் என்று பெயரிட்டார். அடிமை முறையை ஒழித்த அதிபர் மீது அவருக்கு இருந்த பற்று அத்தகையது. ஆனால், அதே மனிதர் சில ஆண்டுகளுக்குள் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதிகளின் உருவங்களைச் செதுக்க ஒப்புக்கொண்டார்.

ஸ்டோன் மவுன்டன்: முதல் பாடம்

ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகருக்கு அருகே ஸ்டோன் மவுன்டன் என்ற பெரும் கருங்கல் குன்று உள்ளது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீயின் உருவத்தை அதில் செதுக்கித் தருமாறு, தென் மாநில வீரர்களின் வழிவந்த பெண்கள் அமைப்பு ஒன்று 1915 இல் போர்க்ளத்தை அணுகியது. ஒரு தலையை மட்டும் அந்தப் பாறையில் செதுக்கினால் அது கண்ணுக்கே தெரியாது என்று கூறிய போர்க்ளம், தலைவர்களும் படையும் அணிவகுத்துச் செல்லும் மாபெரும் காட்சி ஒன்றை முன்மொழிந்தார்.

அதே 1915 ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்தில், கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவாத அமைப்பு, அந்தக் குன்றின் உச்சியில்தான் மீண்டும் தோற்றுவிக்கப்பட்டது. சிற்பத் திட்டத்துக்கான ஆதரவிலும் நிதியிலும் அந்த அமைப்பினரின் செல்வாக்கு இருந்தது. போர்க்ளம் அதன் கூட்டங்களில் பங்கேற்றார். அதன் தலைவர்களுடன் நட்புக் கொண்டார். அதன் உட்பூசல்களிலும் தலையிட்டார். அவர் முறைப்படி உறுப்பினராக இருந்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் குடியேறிகள் குறித்தும் யூதர்கள் குறித்தும் அவர் எழுதியவை, அந்த நட்பு வெறும் தொழில் வசதிக்காக ஏற்பட்டதல்ல என்பதையே காட்டுகின்றன.

முதலாம் உலகப் போரால் தடைபட்ட பணி, 1923 இல் தொடங்கியது. செங்குத்தான பாறையில் உருவத்தின் கோடுகளை எப்படி வரைவது என்பதே முதல் சிக்கலாக இருந்தது. பெரிய ஒளிப்பட வீழ்த்தி ஒன்றை அமைத்து, இரவு நேரத்தில் தமது வரைபடத்தைப் பாறையின் மீது விழச் செய்தார் போர்க்ளம். வடங்களில் தொங்கிய பணியாளர்கள் அந்தக் கோடுகளின் மீது வண்ணம் பூசினார்கள்.

அடுத்த சிக்கல், பாறையை அகற்றும் வேகம். துளையிடும் கருவிகளையும் உளிகளையும் மட்டும் நம்பினால், பணி முடியப் பல தலைமுறைகள் ஆகும் என்ற நிலை இருந்தது. அங்கு வந்த பெல்ஜிய நாட்டுப் பொறியியலாளர் ஒருவரிடமிருந்து, வெடிமருந்தை அளவோடு பயன்படுத்திப் பாறையைத் துல்லியமாக உரித்தெடுக்கும் முறையைப் போர்க்ளம் கற்றுக்கொண்டார். ஒரே இடத்தில் பெரிய வெடி வைத்தால் பாறையின் உட்பகுதி வரை விரிசல் ஓடிவிடும். மாறாக, ஆழம் குறைந்த துளைகளை நெருக்கமாக இட்டு, ஒவ்வொன்றிலும் சிறிதளவு மருந்தை மட்டும் வைத்தால், வேண்டாத படலம் பெயர்ந்து விழும். பின்னால் உள்ள கல் சேதமடையாது. இதுவே அந்த முறையின் அடிப்படை.

லீயின் பிறந்த நாளான 1924 ஜனவரி 19 ஆம் தேதி, அவரது தலைச் சிற்பம் திறந்து வைக்கப்பட்டது. ஆனால், நிதி விவகாரங்களாலும் அதிகாரப் போட்டியாலும் போர்க்ளத்துக்கும் திட்டத்தை நடத்திய சங்கத்துக்கும் இடையே பிளவு முற்றியது. 1925 பிப்ரவரியில் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். தமது மாதிரி வடிவங்கள் வேறொருவர் கைக்குப் போகக்கூடாது என்று கருதிய அவர், அவற்றைத் தாமே உடைத்தார். சங்கத்தின் சொத்தை அழித்ததாக அவர் மீது கைது ஆணை பிறப்பிக்கப்பட்டதால், வட கரோலினா மாநிலத்துக்குத் தப்பிச் சென்றார்.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற சிற்பி அகஸ்டஸ் லூக்மன், போர்க்ளம் செதுக்கியிருந்த லீயின் தலையை வெடி வைத்து அகற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். பல இடைவெளிகளுக்குப் பின்னர், அந்தச் சிற்பம் 1972 இல்தான் முடிக்கப்பட்டது. அதில் போர்க்ளத்தின் கைவேலை எதுவும் எஞ்சவில்லை. அவருக்கு எஞ்சியது, அங்கு கற்ற தொழில்நுட்பம் மட்டுமே.

ரஷ்மோர் மலையை நோக்கி

ஸ்டோன் மவுன்டன் பூசல் நீடித்துக் கொண்டிருந்தபோதே, 1924 ஆகஸ்டில் போர்க்ளத்துக்கு ஒரு கடிதம் வந்தது. தெற்கு டகோட்டா மாநிலத்தின் வரலாற்றாளரான டோன் ராபின்சன் அதை எழுதியிருந்தார். பிளாக் ஹில்ஸ் எனப்படும் கருங்குன்றுகள் பகுதிக்குச் சுற்றுலாப் பயணிகளை ஈர்ப்பதே ராபின்சனின் நோக்கம். அங்குள்ள ஊசிப் பாறைகளில், லகோட்டா தலைவர் ரெட் கிளவுட் உள்ளிட்ட மேற்குப் பகுதியின் நாயகர்களைச் செதுக்கலாம் என்பது அவரது எண்ணமாக இருந்தது.

போர்க்ளம் அந்த எண்ணத்தை மாற்றினார். நாடு முழுவதற்கும் பொருள் தரும் உருவங்களே வேண்டும் என்று கூறி, அதிபர்களைத் தேர்ந்தெடுத்தார். ஊசிப் பாறைகள் மெலிந்தவையாகவும் சிதைந்தவையாகவும் இருந்ததால், 1925 இல் 5,725 அடி உயரமுள்ள ரஷ்மோர் மலையைத் தெரிவு செய்தார். அதன் கல் ஒப்பீட்டளவில் உறுதியானது; அதன் முகப்பு தென்கிழக்கைப் பார்த்திருப்பதால், பகலின் பெரும்பகுதியில் வெயில் படும். ரோடானிடம் அறிந்த ஒளியின் பாடம் இங்கு பயன்பட்டது எனலாம்.

1927 ஆகஸ்ட் 10 ஆம் தேதி அதிபர் கால்வின் கூலிட்ஜ் முன்னிலையில் தொடக்க விழா நடந்தது. அக்டோபர் 4 ஆம் தேதி பணி தொடங்கியது. அப்போது போர்க்ளத்துக்கு வயது 60.

பன்னிரண்டு மடங்குக் கணக்கு

மலையடிவாரச் சிற்பக்கூடத்தில் சாந்தினால் செய்த மாதிரி உருவங்கள் வைக்கப்பட்டன. மாதிரியில் ஓர் அங்குலம் என்பது மலையில் ஓர் அடி. அதாவது, 5 அடி உயர மாதிரித் தலை, மலையில் 60 அடித் தலையாக மாறும்.

மாதிரித் தலையின் உச்சியில், பாகைகள் குறிக்கப்பட்ட ஒரு வட்டத்தகடும், அதன் மீது சுழலும் ஓர் அளவுகோலும் பொருத்தப்பட்டன. அளவுகோலிலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்கியது. மூக்கின் நுனியைக் கண்டறிய வேண்டுமானால், அளவுகோல் எத்தனை பாகை திரும்பியிருக்கிறது, தூக்குநூல் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, குண்டு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்ற மூன்று அளவுகள் போதும். பாகை அப்படியே இருக்க, மற்ற இரண்டையும் 12 ஆல் பெருக்கினால் மலையில் அதே புள்ளி கிடைத்துவிடும். மலை உச்சியில் இதே அமைப்பு, 30 அடி நீளமுள்ள சுழலும் கையுடன் நிறுவப்பட்டது. ஒவ்வோர் இடத்திலும் எத்தனை அடி ஆழத்துக்குப் பாறையை அகற்ற வேண்டும் என்பதைப் பணியாளர்கள் வண்ணத்தால் எழுதிவைத்தனர்.

பின்னர் துளையிடுவோர் இறங்கினர். மெல்லிய எஃகு வடத்தில் தொங்கும் இருக்கைகளில் அமர்ந்து, அழுத்தக் காற்றால் இயங்கும் துளைக்கருவிகளைக் கையாண்டனர். மேலே கொட்டகையில் இருந்தவர்கள் கையால் சுற்றும் பொறிகளைக் கொண்டு அவர்களை ஏற்றி இறக்கினர். தொங்குபவர்களுக்கும் பொறியை இயக்குபவர்களுக்கும் இடையே குரல் கொடுத்துச் செய்தி சொல்வதற்கென்றே, பாறை விளிம்பில் சிறுவர்கள் அமர்த்தப்பட்டனர்.

துளைகள் தயாரானதும் வெடி வைப்போரின் முறை. அவர்கள் டைனமைட் தோட்டாக்களைத் தேவைக்கேற்பச் சிறு சிறு துண்டுகளாக வெட்டினர். எவ்வளவு கல் போக வேண்டுமோ அதற்குத் தக்கபடி துண்டின் அளவு அமைந்தது. எல்லோரும் மலையை விட்டு அகன்ற பின்னர், நண்பகல் உணவு வேளையிலும் மாலையில் பணி முடியும் நேரத்திலும் வெடிகள் வெடிக்கப்பட்டன.

இறுதி மேற்பரப்புக்குச் சில அங்குலங்கள் இருக்கும் வரை இந்த முறை தொடரும். அதற்குமேல் வெடிமருந்துக்கு இடமில்லை. எஞ்சிய 3 முதல் 6 அங்குலக் கல்லில், தேன்கூடு போல நெருக்கமான துளைகள் இடப்பட்டன. இதனால் பலவீனமடைந்த கல்லைக் கையாலேயே பெயர்த்தெடுக்க முடிந்தது. கடைசியில் காற்றழுத்தச் சுத்தியல்களால் மேற்பரப்பு சமன் செய்யப்பட்டது. கண்மணியின் நடுவே ஒரு கல் முளையை விட்டுவைத்து, சுற்றிலும் குடைந்தார் போர்க்ளம். அந்த முளையின் மீது படும் வெளிச்சமும் சுற்றியுள்ள நிழலும் சேர்ந்து, தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் பார்வையுள்ள கண்ணாகத் தோன்றுகின்றன.

பாறை விதித்த மாற்றங்கள்

எவ்வளவு கணக்கிட்டாலும், பாறைக்குள் என்ன இருக்கிறது என்பதை வெடித்துப் பார்த்த பின்னரே அறிய முடிந்தது. ஜெஃபர்சனின் முகம் முதலில் வாஷிங்டனின் வலப்புறத்தில் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு வேலைக்குப் பின்னர், அங்குள்ள கல் விரிசல்கள் நிறைந்தது என்பது உறுதியானது. 1934 இல் அந்த முகம் வெடி வைத்து அகற்றப்பட்டு, மறுபுறத்தில் புதிதாகத் தொடங்கப்பட்டது. ஒரு காலத்தில் தமது படைப்பை வேறொருவர் தகர்த்ததைக் கண்ட போர்க்ளம், இம்முறை தாமே அந்த முடிவை எடுக்க வேண்டியிருந்தது.

ரூஸ்வெல்ட்டின் முகத்துக்கு ஏற்ற கல் கிடைப்பதற்கு, மலையின் இயற்கையான முகப்பிலிருந்து சுமார் 120 அடி உள்ளே செல்ல நேர்ந்தது. ஜெஃபர்சனின் உதட்டில் தெரிந்த குறையை அகற்றி, அங்கு வேறு கல் துண்டு பதிக்கப்பட்டது. சிறு விரிசல்களில், கருங்கல் தூளுடன் வெள்ளை ஈயமும் ஆளி விதை எண்ணெயும் சேர்த்த கலவை பூசப்பட்டது.

வாஷிங்டனின் முகம் 1930 ஜூலை 4 ஆம் தேதியும், ஜெஃபர்சனின் முகம் 1936 இலும், லிங்கனின் முகம் 1937 இலும், ரூஸ்வெல்ட்டின் முகம் 1939 இலும் திறந்து வைக்கப்பட்டன.

தொழிலாளர்கள்

பணியில் ஈடுபட்ட சுமார் 400 பேரில் பெரும்பாலோர் சிற்பிகள் அல்லர். சுரங்கங்கள் மூடப்பட்டதால் வேலை இழந்திருந்த உள்ளூர்த் தொழிலாளர்களே அதிகம். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், இந்த மலை அவர்களின் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பணம் தீரும்போதெல்லாம் வேலை நின்றது. 14 ஆண்டுகளில், உண்மையில் செதுக்கும் பணி நடந்தது சுமார் ஆறரை ஆண்டுகளே. மொத்தச் செலவு 9,89,992 டாலர். அதில் பெரும்பகுதி மத்திய அரசின் பணம்.

இவ்வளவு வெடிமருந்து பயன்படுத்தப்பட்ட இடத்தில், பணியின்போது ஒருவர் கூட உயிரிழக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் கருங்கல் தூசியின் பாதிப்பு தாமதமாகவே தெரிந்தது. முகமூடிகள் வழங்கப்பட்டபோதிலும் பலர் அவற்றை அணியவில்லை. பின்னாளில் சிலர் சிலிகோசிஸ் எனப்படும் நுரையீரல் நோய்க்கு ஆளாயினர்.

முகங்களின் உணர்வு வெளிப்பாட்டைச் செம்மைப்படுத்திய தலைமைச் செதுக்குநர் லூயிஜி டெல் பியாங்கோ, இத்தாலியிலிருந்து குடியேறியவர். குடியேறிகளை ஐயத்துடன் நோக்கி எழுதிய போர்க்ளம், தமது படைப்பின் மிக நுட்பமான பகுதியை ஒரு குடியேறியிடமே ஒப்படைத்தார். டெல் பியாங்கோவின் பங்களிப்பை அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை 2017 இல்தான் முறைப்படி அங்கீகரித்தது.

முடிவுறாத கனவு

அதிபர்களை இடுப்பு வரை செதுக்குவதே போர்க்ளத்தின் திட்டம். முகங்களுக்குப் பின்னால், நாட்டின் முக்கிய ஆவணங்களை வைப்பதற்கு ஒரு பெரும் மண்டபத்தைக் குடையவும் அவர் விரும்பினார். இந்த முகங்கள் யாருடையவை, ஏன் செதுக்கப்பட்டன என்பதை எதிர்காலத் தலைமுறையினர் அறியாமல் போய்விடுவார்கள் என்ற கவலை அவருக்கு இருந்தது. சுமார் 70 அடி ஆழத்துக்கு மண்டபம் குடையப்பட்ட நிலையில், முகங்களை முடிப்பதற்கு மட்டுமே பணத்தைச் செலவிட வேண்டும் என்று அரசு வலியுறுத்தியதால் அந்தப் பணி நின்றது.

1941 மார்ச் 6 ஆம் தேதி, அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து ஏற்பட்ட சிக்கல்களால், சிகாகோ நகரில் போர்க்ளம் காலமானார். அவரது மகன் லிங்கன் போர்க்ளம் எஞ்சிய வேலையை மேற்கொண்டார். போர் நெருங்கி வந்த சூழலில், அந்த ஆண்டு அக்டோபர் 31 ஆம் தேதியுடன் பணி நிறுத்தப்பட்டது. சிற்பங்கள் எந்த நிலையில் இருந்தனவோ, அந்த நிலையிலேயே விடப்பட்டன. கைவிடப்பட்ட மண்டபத்தின் வாயிலில், அமெரிக்க வரலாற்றையும் சிற்பத்தின் கதையையும் கூறும் தகடுகள் 1998 இல் ஒரு பேழையில் வைத்து மூடப்பட்டன.

யாருடைய மலை?

லகோட்டா மக்கள் இந்த மலையை ஆறு பாட்டனார்கள் என்று பொருள்படும் பெயரால் அழைத்து வந்தனர். நியூயார்க் வழக்கறிஞர் ஒருவரின் பெயரான ரஷ்மோர், 1885 இல்தான் அதற்குச் சூட்டப்பட்டது. 1868 ஆம் ஆண்டின் ஃபோர்ட் லாரமி ஒப்பந்தம், கருங்குன்றுகள் பகுதி முழுவதையும் லகோட்டா மக்களுக்கே உரியது என ஏற்றிருந்தது. 1874 இல் அங்கு தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது; 1877 இல் அமெரிக்க அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது.

அவ்வாறு எடுத்துக்கொண்டதற்கு உரிய இழப்பீடு வழங்கப்பட வேண்டும் என்று 1980 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வட்டியுடன் சேர்த்து 10 கோடி டாலருக்கும் அதிகமான அந்தத் தொகையை லகோட்டா மக்கள் பெற்றுக்கொள்ள மறுத்தனர். தாங்கள் கேட்பது நிலமே அன்றிப் பணமல்ல என்பது அவர்களின் நிலைப்பாடு. அரசுக் கணக்கில் வட்டியோடு வளர்ந்த அந்தத் தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 1970 இல் பூர்வகுடிச் செயற்பாட்டாளர்கள் மலையில் ஏறி முகாமிட்டனர். 2020 ஜூலையில் அதிபர் டொனால்ட் டிரம்ப் பங்கேற்ற விழாவின்போது மலைக்குச் செல்லும் சாலையை மறித்தனர்.

ரஷ்மோரில் 1939 இல் சிறிது காலம் போர்க்ளத்திடம் பணியாற்றிய கோர்சாக் ஜியோல்கோவ்ஸ்கி என்ற சிற்பி, லகோட்டா மூத்தோர் ஒருவரின் அழைப்பை ஏற்று, 1948 இல் அருகிலுள்ள இன்னொரு மலையில் கிரேஸி ஹார்ஸ் என்ற லகோட்டா வீரரின் உருவத்தைச் செதுக்கத் தொடங்கினார். அங்கும் வெடிமருந்தே முதன்மைக் கருவி. அவர் 1982 இல் மறைந்தார். முகம் 1998 இல் முடிக்கப்பட்டது. ஏனைய பகுதிகளில் பணி தொடர்கிறது. புனித மலைகளை வெடிப்பது எந்த உருவத்துக்காக ஆனாலும் தவறே என்று கருதும் லகோட்டா மக்களும் இருக்கிறார்கள்.

ரஷ்மோர் மலையின் கருங்கல், 10,000 ஆண்டுகளுக்கு ஓர் அங்குலம் என்ற வீதத்தில் மட்டுமே தேய்வதாக மதிப்பிடப்பட்டுள்ளது. விரிசல்களின் மிகச் சிறிய அசைவையும் பதிவு செய்யும் மின்னணுக் கருவிகள் பாறையில் பொருத்தப்பட்டுள்ளன. நாகரிகங்கள் அழிந்த பின்னரும் நிற்கக் கூடிய ஒன்றை உருவாக்க வேண்டும் என்பதே கட்சன் போர்க்ளத்தின் விருப்பம். அந்த விருப்பம் நிறைவேறியிருக்கிறது. வெடித்து அகற்றிய கல்லை மீண்டும் ஒட்ட முடியாது என்பதால், அவரது கலையைப் போலவே, அது நிற்கும் நிலத்தின் மீதான வழக்கும் அந்தப் பாறையில் நிலைத்துவிட்டது.